பெயரோடு பழைய பேனாக்களும் உங்கள் பொறுப்பில் வந்திருக்கின்றன

மூடிப்போன பேனா நிறுவனங்களின் பெயரை வாங்கி, அந்தப் பெயரில் மறுபடி மைப்பேனா செய்யத் தொடங்கும் புதிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் செய்வது நல்ல காரியம். பின்னால் நிறையக் கேட்கப் போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேனாவே இல்லாமல் ஒரு நாளை ஓட்டிவிட முடிகிற காலம் இது. இப்போது போய், கதவடைத்துப் பல வருடங்கள் ஆன ஒரு பெயரைத் தேடிப் பிடித்து, யார் கையில் அதன் உரிமை இருக்கிறது என்று அலைந்து, பணம் கொடுத்து வாங்கி, பேனா செய்வோம் என்று கிளம்புகிறீர்கள். அந்தப் பெயர்மேல் பிரியம் இல்லாதவரால் இதைச் செய்ய முடியாது. அந்தப் பிரியத்தை நம்பித்தான் எழுதுகிறேன்.

ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தை மனதில் வைத்து எழுதிய மடல் இல்லை இது. பழைய பெயரை வாங்கியவர், வாங்கப் போகிறவர் எல்லோருக்கும் பொது.

நீங்கள் வாங்கியது என்ன? ஒப்பந்தத் தாளில் ஒரு பெயர் இருக்கும், ஒரு சின்னம் இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் பழைய விளம்பரப் படங்கள் கொஞ்சம் இருக்கும். இயந்திரங்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே பழைய இரும்பு விலைக்குப் போயிருக்கும். வேலை தெரிந்தவர்கள் கலைந்து போயிருப்பார்கள். இத்தாலியில் போலோனியா நகரில் 1925-இல் தொடங்கிய ஓமாஸ் பேனா நிறுவனம் 2016-இல் மூடப்பட்டபோது, பெயர் ஒருவர் கைக்கும், மிச்சமிருந்த செல்லுலாய்டு (பேனா உடம்பு கடையும் ஒரு பழைய வகைப் பிளாஸ்டிக்) கம்பிகளும் கருவிகளும் வேறொருவர் கைக்கும் போய்ச் சேர்ந்தன. வீடு ஒருவருக்கு, சாவி இன்னொருவருக்கு என்பது போல. இது அங்கே மட்டும் நடந்ததல்ல. ஒரு பேனா நிறுவனம் சாகும்போது பொதுவாக இப்படித்தான் சிதறுகிறது.

ஆனால் ஒப்பந்தத் தாளில் எழுதாத ஒன்றும் உங்கள் பொறுப்பில் வந்திருக்கிறது. அந்தப் பெயர் பொறித்த பழைய பேனாக்கள். அவை எத்தனை என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. மேசை இழுப்பறைகளிலும் பீரோவின் அடித்தட்டிலும், இறந்துபோன ஒருவரின் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்திலும் கிடக்கின்றன. சில இன்னும் தினமும் எழுதிக்கொண்டிருக்கின்றன. அவற்றைச் செய்தது நீங்கள் இல்லை, உண்மைதான். ஆனால் உங்கள் புதிய பேனாவை ஒருவர் திரும்பிப் பார்க்கக் காரணமே அந்தப் பழைய பேனாக்கள்தான். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மதிப்பு முழுவதையும் அவைதான் எழுதி எழுதிச் சம்பாதித்துக் கொடுத்தன.

என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. தாத்தாவுடையது. பக்கவாட்டில் லீவர் வைத்த பேனா. லீவரைத் தூக்கினால் உள்ளே ஒரு தகடு ரப்பர் ட்யூப்பை அமுக்கும், விட்டால் ட்யூப் விரிந்து மையை உறிஞ்சிக்கொள்ளும். அவ்வளவு எளிய ஏற்பாடு. என் கைக்கு வந்தபோது லீவர் அசையவே இல்லை. காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே காய்ந்த விதைகள் உருள்வது போல ஒரு சத்தம்.

அதைத் திறக்க எனக்கு மூன்று மாலைகள் ஆயின. நிப்பைத் தாங்கும் கழுத்துப் பகுதி உடம்போடு இறுகிப் போயிருந்தது. பழைய பேனாவைத் தீயில் காட்டவே கூடாது. செல்லுலாய்டு பற்றிக்கொண்டால் நொடியில் போய்விடும். முடி உலர்த்தும் கருவியைத் தள்ளிப் பிடித்து, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, முறுக்காமல் மெல்ல ஆட்டி ஆட்டி இழுத்தேன். மூன்றாம் நாள் சின்னதாக ஒரு 'டக்'. கழுத்து கழன்று வந்தது. உள்ளே இருந்த ட்யூப் முட்டை ஓடு மாதிரி நொறுங்கி மேசையில் கொட்டியது. ஒரு துண்டின் உட்பக்கம் நீலமாக இருந்தது. தாத்தா கடைசியாக நிரப்பிய மையாக இருக்க வேண்டும்.

ஒட்டியிருந்த மிச்சத்தை நகத்தாலேயே சுரண்டினேன். புது ட்யூப்பை அளந்து வெட்டி, அரக்குக் கரைசல் தடவி கழுத்தில் மாட்டி, ஒரு ராத்திரி காயவிட்டேன். காலையில் ட்யூப்மேல் கொஞ்சம் டால்க் பவுடர் பூசி உள்ளே செலுத்தினேன். பூசாவிட்டால் ட்யூப் உடம்பின் உட்சுவரில் உரசி ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்க் கிண்ணத்தில் நிப்பை முக்கி லீவரைத் தூக்கியபோது குபுகுபுவென்று குமிழ்கள் வந்தன. விட்டேன், பத்து வரை எண்ணினேன், மறுபடி தூக்கினேன். இந்த முறை தண்ணீர் பீய்ச்சியது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

சரி, ட்யூப் ஆயிற்று. நிப்புதான் சிக்கல். நிப்பு முனையில் கடினமான உலோகக் குருணை ஒன்றைப் பற்றவைத்து, நடுவில் பிளந்திருப்பார்கள் அல்லவா, அந்தப் பிளவின் ஒரு பக்கத்துக் குருணை உடைந்து போயிருந்தது. கீழ்நோக்கி இழுக்கும் கோடு வழுக்கிக்கொண்டு வரும். மேலே போகும் கோட்டில் காகிதத்தைக் கீறும். அதே அளவு, அதே வளைவு உள்ள நிப்பு ஒன்று கிடைத்தால் போதும்.

அந்தப் பெயரைப் புதிதாக வாங்கியிருந்தவர்களுக்கு எழுதினேன். படங்கள் வைத்து, அளவுகள் குறித்து, இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது, இரண்டே வரியில். முந்தைய நிறுவனம் செய்த பேனாக்களுக்கும் தங்களுக்கும் தொடர்பு இல்லை என்றார்கள். கூடவே புதிய பேனாக்களின் பட்டியலை இணைத்திருந்தார்கள். அதைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே ஒரு பழைய விளம்பரப் படம். என் தாத்தாவின் பேனாவேதான், அதே நிறம், அதே கிளிப்.

அந்தப் பதில் எனக்கு வலித்தது. இந்த மடலை எழுத வைத்ததும் அதுதான். படத்துக்கு வேண்டும், பழுதுக்கு வேண்டாம் என்றால் அது எப்படிச் சரியாகும்?

வேறு விதமாகவும் செய்ய முடியும், செய்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கேம்டன் என்ற ஊரில் 1858-இல் தொடங்கியது எஸ்டர்புரூக். முதலில் தொட்டு எழுதும் எஃகு நிப்புகள், பிறகு மைப்பேனாக்கள். அவர்களுடைய பேனாவில் நிப்பும், அதற்கு மை கொண்டுவரும் அடிக்கட்டையும் சேர்ந்து ஒரே துண்டாக இருக்கும். திருகிக் கழற்றலாம், வேறொன்றைத் திருகி மாட்டலாம். ஒவ்வொரு நிப்புக்கும் ஓர் எண். 2668 என்றால் நடுத்தர முனை, பொதுவான எழுத்துக்கு. 9128 என்றால் மிக மெல்லிய முனை, அழுத்தினால் விரிந்து கொடுக்கும். ஒரே பேனா உடம்பு, அவரவர் கைக்கு ஏற்ற நிப்பு. விலை உயர்ந்த பேனாவும் இல்லை அது. பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் புழங்கியது.

1970-களின் தொடக்கத்தோடு அந்த நிறுவனத்தின் கதை முடிந்தது. 2014-இல் பெயர் மறுபடி வந்தது. 2018-இல் கென்ரோ என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியது. அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். புதிய பேனாவின் கழுத்தில் பொருந்தும்படி ஒரு சிறிய இணைப்புத் துண்டு செய்து விற்றார்கள். அதை மாட்டினால் ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தைய எஸ்டர்புரூக் நிப்பை இன்றைய எஸ்டர்புரூக் பேனாவில் திருகி எழுதலாம். விரல்நுனி அளவுகூட இல்லாத துண்டு அது. ஆனால் பாட்டியின் நிப்பு பேத்தியின் பேனாவில் ஏறிவிட்டது. 'பாரம்பரியம்' என்று பெட்டியில் எத்தனை முறை அச்சடித்தாலும் இந்தத் துண்டு செய்ததைச் செய்யாது.

நான் கேட்பதும் இந்த அளவுதான். உங்கள் பெயருக்கு உரிய பழைய பேனாவில் எது அதிகம் பழுதாகும் என்று பாருங்கள். ட்யூப்பா, பிஸ்டன் அடைப்பானா, நிப்பா, கிளிப்பா? அதில் ஒன்றிரண்டையாவது செய்து விற்கப் பாருங்கள். எல்லாவற்றையும் செய்யச் சொல்லவில்லை. செய்ய முடியாததற்கு, எந்த அளவு ட்யூப் பொருந்தும், கழுத்து திருகா அல்லது அழுத்திச் செருகியதா என்ற விவரத்தையாவது எழுதி வையுங்கள். கழுத்து திருகு என்று தெரியாமல் நேராக இழுத்து உடைத்த பேனாக்கள் எத்தனையோ. ஒரு வரித் தகவல் அவற்றைக் காப்பாற்றியிருக்கும்.

இந்தத் தகவலுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பழுது பார்ப்பவர்களிடம் போங்கள். நிறுவனம் மூடிய பின்னும் அந்தப் பேனாக்களை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். ஓரிடத்தில் உட்கார்ந்து, கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, உங்கள் பெயர் பொறித்த பேனாக்களை நூற்றுக்கணக்கில் திறந்து மூடியிருப்பார்கள். எந்த வருடத்துப் பேனாவின் மூடி விரிசல் விடும், எந்த நிறம் ட்யூப்பின் கந்தகப் புகை பட்டுக் கறுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. புதிய மாதிரியை வரையும் முன்பு அவர்களில் ஒருவரோடு ஒரு வாரம் உட்காருங்கள். அவர் நேரத்துக்குப் பணமும் கொடுங்கள். பழைய தொழிலாளர்கள் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. அமெரிக்கப் பேனா நிறுவனமான ஷெஃபரின் ஃபோர்ட் மேடிசன் தொழிற்சாலை 2008-இல்தான் மூடியது. கைப்பக்குவம் தெரிந்தவர்கள் எல்லா இடத்திலும் மறைந்துவிடவில்லை. தேடினால் கிடைப்பார்கள், ஆனால் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அடுத்து, நீங்கள் செய்யப் போகும் புதிய பேனா.

பழைய பேனாவின் வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வேறு எதையோ வைக்கிற ஆசை எல்லோருக்கும் வருகிறது. பார்க்கர் 51-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1941-இல் வந்தது. நிப்பின் முனை மட்டும் எட்டிப் பார்க்கும்படி மூடிய கழுத்து, உள்ளே மையைத் தேக்கி வைக்கும் நெருக்கமான செதில்கள், ஒரு தள்ளு தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய்ப் பிடித்துக்கொள்ளும் மூடி. 1948 முதல் வந்த அழுத்தி நிரப்பும் வகையில் ட்யூப் ரப்பர் இல்லை, நெகிழும் பிளாஸ்டிக். அதனால் எழுபது வருடம் கழித்தும் கழுவி மை நிரப்பினால் அப்படியே எழுதுகிற பேனாக்கள் ஏராளம். பார்க்கர் நிறுவனம் மூடவில்லை. ஆனாலும் நின்றுபோன அந்த மாதிரியை 2021-இல் மறுபடி கொண்டுவந்தது. உருவம் ஒத்திருந்தது. ஆனால் மூடி திருகு மூடி ஆகியிருந்தது. மைக்கு, நிரப்பியே விற்கும் கார்ட்ரிட்ஜ் குப்பியும், அதே இடத்தில் மாட்டி நாமே மை உறிஞ்சும் கன்வெர்ட்டரும். அது மோசமான பேனா என்று நான் சொல்லவில்லை. பழைய 51-ஐப் பழகியவர்களின் கட்டைவிரல் முதலில் தேடியது அந்த வழுக்கும் மூடியை. அது அங்கே இல்லை. கண்ணுக்குத் தெரிந்த பேனா கைக்குத் தெரியவில்லை.

ஆகையால் மறுபடி செய்யும்போது எதை விடலாம், எதை விடக்கூடாது என்று கையிடம் கேளுங்கள். நிறம் மாறினால் பரவாயில்லை. செல்லுலாய்டுக்குப் பதில் அக்ரிலிக் வந்தால் எனக்கு வருத்தம் இல்லை. செல்லுலாய்டைக் கடைவதற்கு முன் மாதக்கணக்கில் உலரவிட வேண்டும், கிடைப்பதும் அரிது. ஆனால் அந்தப் பேனாவுக்கென்று ஒரு தனிக் குணம் இருந்திருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். ஒஹையோ மாநிலத்து டொலிடோ நகரின் காங்க்ளின் பேனாவுக்கு அது முதுகில் துருத்தி நிற்கும் பிறை வடிவத் தகடு. அதை அழுத்தித்தான் மை நிரப்ப வேண்டும். மேசையில் வைத்தால் உருளாமல் தடுப்பதும் அதுதான். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் அந்தப் பேனாவைப் புகழ்ந்ததற்கு அந்த உருளாமையும் ஒரு காரணம். காங்க்ளின் பெயரை மறுபடி எழுப்பியவர்கள் அந்தப் பிறையை விடாமல் வைத்திருக்கிறார்கள். அது இல்லாத காங்க்ளின் பேனாவை நான் ஏன் தேடிப் போக வேண்டும்?

எல்லாவற்றையும் விட முக்கியமானது நிப்பு. மற்றதில் எங்கே சிக்கனம் பிடித்தாலும் இங்கே பிடிக்காதீர்கள்.

இன்று பெரும்பாலான சிறு நிறுவனங்கள் ஜெர்மனியில் பாக், யோவோ போன்ற நிப்புத் தயாரிப்பாளர்களிடம் வாங்கி, தங்கள் சின்னத்தைப் பொறித்துக்கொள்கிறார்கள். அதில் தவறு ஏதும் இல்லை. நல்ல நிப்புகள்தான். நிப்பு அடிக்கும் இயந்திரத்தைப் புதிதாக நிறுவ உங்களிடம் பணம் இருக்காது என்பதும் புரிகிறது. எனக்குள்ள குறை, வாங்கிய நிப்பை அப்படியே செருகி அனுப்பிவிடுவது. மைப்பேனா வேலை செய்வதே ஒரு மயிரிழைப் பிளவில். அந்தப் பிளவு கொஞ்சம் நெருங்கினால் மை வறண்டுவிடும். கொஞ்சம் விரிந்தால் மை கக்கும். அடிக்கட்டையில் ஒரு வாய்க்கால் வழியாக மை கீழே வர, அந்த இடத்தை நிரப்பக் காற்று மேலே போக வேண்டும். இரண்டுக்கும் சமன் தவறினால் பேனா ஒன்று விக்கும் அல்லது வழியும். முனையை அளவுக்கு மீறி மெருகேற்றிவிட்டால் பிளவின் ஓரங்கள் உட்பக்கமாக உருண்டுவிடும். அப்போது மை காகிதத்தைத் தொடாது, ஒவ்வொரு சொல்லின் முதல் கோடும் விடுபடும். அச்சுப் போன்ற கையெழுத்து உள்ளவரும் 'என் கைதான் சரியில்லை போல' என்று பேனாவை மூடி வைத்துவிடுவார்.

ஆகவே அனுப்பும் ஒவ்வொரு பேனாவிலும் யாராவது ஒருவர் மை தொட்டு எழுதிப் பார்க்கட்டும். ஒரு வட்டம், ஓர் எட்டு, மேலும் கீழுமாக நான்கு கோடு. ஒரு நிமிடம்கூட ஆகாது. எழுதிப் பார்த்த அந்தச் சீட்டையே பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள். தங்க முலாம் பூசிய பெட்டியைவிட அந்தச் சீட்டை நான் அதிக நாள் வைத்திருப்பேன். நிப்பு யாரிடம் வாங்கியது என்பதையும் மறைக்க வேண்டாம், வாங்குபவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வரலாற்றைச் சொல்லும் விதம் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் தொடக்க ஆண்டைப் போட்டு, 'அன்று முதல் இன்று வரை' என்று எழுதாதீர்கள். நடுவில் ஒன்றுமே இல்லாத வருடங்கள் இருக்கின்றன. 'இந்த ஆண்டு தொடங்கினார்கள், இந்த ஆண்டு மூடினார்கள், இந்த ஆண்டு நாங்கள் வாங்கினோம், இங்கே வைத்துச் செய்கிறோம்' என்று நான்கு வரி போதும். அதைப் படிக்கிறவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை கூடத்தான் செய்யும்.

நூறு பேனா மட்டும், ஐம்பது பேனா மட்டும் என்று எண் போட்டு விற்கும் பதிப்புகளையே மாதாமாதம் கொண்டுவர வேண்டாம். கண்ணாடிப் பெட்டிக்குள் போகிற பேனாவுக்கு மை எதற்கு? உங்கள் பழைய நிறுவனம் வாழ்ந்தது மாணவர், கணக்கெழுதுபவர், ஆசிரியர் சட்டைப்பைகளில். அவர்கள் வாங்கக்கூடிய ஒரு பேனா எப்போதும் உங்கள் பட்டியலில் இருக்கட்டும்.

கடைசியாக, சொல்லக் கொஞ்சம் சங்கடமான ஒரு விஷயம். நீங்களும் ஒரு நாள் மூட நேரலாம். லண்டனில் 1905-இல் தொடங்கிய கான்வே ஸ்டூவர்ட் 1975-இல் நின்றது. 1990-களில் மறுபடி எழுந்தது. 2014-இல் மறுபடி விழுந்தது. பிறகு இன்னொருவர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். மறுபிறவி எடுத்த பெயருக்கு இரண்டாவது சாவும் உண்டு. அன்றைக்கு உங்கள் பேனாவை வாங்கியவர்கள் அநாதையாகக் கூடாது. உங்கள் பேனாவுக்கு மட்டுமே பொருந்தும் கார்ட்ரிட்ஜ் என்று ஒன்றை உருவாக்காதீர்கள். எங்கும் கிடைக்கும் பொது அளவையே வையுங்கள். நிப்பும் அப்படியே, கழற்றி மாற்றக்கூடிய பொது அளவாக இருக்கட்டும். திருகு அளவுகளையும் பாகங்களின் வரைபடத்தையும் இப்போதே பொதுவில் போட்டுவிடுங்கள். போட்டியாளர் திருடிவிடுவார் என்று பயப்பட அதில் பெரிய ரகசியம் இல்லை. ஐம்பது வருடம் கழித்து ஒரு பேரனோ பேத்தியோ முடி உலர்த்தும் கருவியோடு உட்காரும்போது அந்த வரைபடம் கையில் இருந்தால், மூன்று மாலை வேலை அரை மணியில் முடியும்.

இந்த மடலின் முதல் படியைத் தாத்தாவின் பேனாவில்தான் எழுதினேன். இரண்டு முறை மை நிரப்பினேன். மேல்நோக்கிப் போகும் கோடுகளில் எல்லாம் காகிதம் கீறி, நார் பிய்ந்து, நிப்பின் பிளவில் சிக்கிக்கொண்டது. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் நிறுத்தி, மெல்லிய தகட்டால் நாரை எடுத்துவிட்டு மறுபடி எழுதினேன். நிப்பின் நீளம், அகலம், வளைவு எல்லாம் அளந்து ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன். உங்களில் யார் 'அனுப்புங்கள், பார்க்கிறோம்' என்றாலும் அன்றைக்கே அனுப்புகிறேன்.

அன்புடன்,
தாத்தாவின் பேனாவில் எழுதும் ஒருவன்